விருந்தும் மருந்தும் மூன்று வாரம்

கிழக்கு ஸ்விட்சர்லாந்தில், ரைன் நதி இன்னும் இளசாக ஓடும் ஒரு பள்ளத்தாக்கில், அடுத்தடுத்து இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று மாயென்ஃபெல்ட், அடுத்தது லாண்ட்குவார்ட். உள்ளூர் ரயிலில் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போவதற்குள் வாட்ஸப்பில் நாலு மெசேஜுக்குப் பதில் போடலாம், அவ்வளவுதான் தூரம். உலகம் அதிகம் அறிந்த இரண்டு ஆல்ப்ஸ் கதைகள் இந்த இரண்டு ஊர்களிலிருந்துதான் மலையேறத் தொடங்குகின்றன. யோஹன்னா ஸ்பைரியின் 'ஹைடி' (1880, 1881) மாயென்ஃபெல்டிலிருந்து கால்நடையாக ஏறுகிறது. தாமஸ் மன்னின் 'மாயமலை' (1924) லாண்ட்குவார்ட்டில் பெரிய ரயிலை விட்டுக் குட்டி ரயிலுக்கு மாறி, டாவோஸுக்குப் போகிறது. ஒன்று குழந்தைகள் புத்தகம். மற்றது ஜெர்மன் இலக்கியத்தின் தலையாய நாவல்களில் ஒன்று. நூலகத்தில் இரண்டும் ஒரே அலமாரியில் நிற்பதில்லை, விமர்சகர்கள் இரண்டையும் சேர்த்துப் பேசுவதும் அபூர்வம்.

சேர்த்துப் பேசவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் எளிமையானது. இரண்டுமே மலையைப் பற்றிய கதைகளாகத் தொடங்கவில்லை. ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் கதைகளாகத் தொடங்குகின்றன. ஹைடியைச் சித்தி தேட்டே கையைப் பிடித்துத் தாத்தாவிடம் கூட்டிப்போகிறாள். ஹான்ஸ் காஸ்டார்ப் ஹாம்பர்க்கிலிருந்து, காசநோய்க்குச் சிகிச்சையில் இருக்கும் தன் தாய்வழிச் சகோதரன் முறையான யோவாகிமைப் பார்க்க வருகிறான். போன வருஷம் நானும் அப்படித்தான் அந்தப் பக்கம் போனேன். அக்காவும் அத்தானும் கூர் நகரத்தில் இருக்கிறார்கள். லாண்ட்குவார்ட்டிலிருந்து பத்து நிமிஷம். சுற்றுலாப் பயணிக்கு மலை தெரியும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவனுக்கு முதலில் அந்த வீட்டின் ஷூ வைக்கும் இடம், துணி காயப்போடும் இடம், பால் வாங்கும் கடை இவைதான் தெரிகின்றன. மலை அதற்குப் பின்னால் நிற்கிறது. இந்த இரண்டு புத்தகங்களையும் அந்த இடத்திலிருந்து மறுபடி படித்தபோது கண்ணில் பட்டவற்றை எழுதிப் பார்க்கிறேன்.

*

முதலில் ஹைடி. நம்மில் பலருக்கும் பள்ளி நூலகத்தில் கிடைத்த சுருக்கப்பட்ட ஆங்கிலப் பதிப்புதான் ஹைடி. அல்லது 1974இல் ஜப்பானில் இஸாவோ தகஹாதா இயக்கிய அனிமேஷன் தொடர். இரண்டிலும் மிஞ்சுவது ஆட்டுப்பால், உருகும் பாலாடைக்கட்டி, வைக்கோல் படுக்கை, கன்னம் சிவந்த ஒரு பெண்குழந்தை. சுருக்காத மூலத்தின் முதல் பக்கங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. ஜூன் மாத வெயில். ஐந்து வயதுக் குழந்தை. அதன் உடம்பில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல துணிகள். மூட்டை தூக்க வேண்டாம் என்று, குழந்தைக்குச் சொந்தமான உடுப்பையெல்லாம் குழந்தைமேலேயே மாட்டிவிட்டிருக்கிறாள் சித்தி. வியர்த்து ஊற்ற அது மலையேறுகிறது. கொஞ்ச நேரத்தில் ஆடு மேய்க்கும் பீட்டரின் வெறுங்காலைப் பார்க்கிறது. ஷூ, சாக்ஸ், கவுன்கள் எல்லாவற்றையும் அவிழ்த்துக் குவித்துவிட்டு உள்ளாடையோடு ஓடுகிறது.

இந்தக் காட்சியை 'இயற்கைக்குத் திரும்பும் குழந்தை' என்று விளக்குவது வழக்கம். சரிதான். ஆனால் ஒரு மனிதரின் மொத்த உடைமையும் உடம்பில் இருக்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: திரும்பி வரும் எண்ணம் இல்லை. இது விருந்துக்குப் போகும் பயணம் இல்லை, ஒப்படைக்கும் பயணம். ஸ்பைரிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் முதல் அத்தியாயத்தையே இரண்டு பெண்களின் ஊர்வம்பாக எழுதுகிறார். தேட்டேயும் வழித்துணையாக வரும் பார்பெலும் பேசிக்கொண்டே ஏறுகிறார்கள். ஹைடியின் அப்பா வீடு கட்டும் வேலையில் உத்தரம் விழுந்து செத்தது, சில வாரங்களில் அம்மாவும் போய்ச் சேர்ந்தது, தாத்தா இளமையில் குடித்தும் சூதாடியும் பண்ணையை அழித்தது, நேப்பிள்ஸில் கூலிப்படையில் இருந்தபோது ஒருவனை அடித்துக் கொன்றதாகப் பேச்சு இருப்பது எல்லாம் அந்த வம்பில் வருகிறது. அப்படிப்பட்ட ஆளிடமா குழந்தையை விடப்போகிறாய் என்று பார்பெல் கேட்கிறாள். தேட்டேயின் பதில் நேரானது. எனக்கு ஃபிராங்ஃபர்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது, நான் இவ்வளவு நாள் பார்த்தேன், இனி அவர் பார்க்கட்டும்.

நூற்று நாற்பது ஆண்டுகளாக வாசகர்கள் தேட்டேயை மன்னிக்கவில்லை. திரைப்படங்களில் அவள் கிட்டத்தட்ட வில்லி. எனக்கு அவள்மேல் அனுதாபம்தான் வருகிறது. அவளுக்கு வயது இருபத்தாறு. ராகாஸ் குளியல் ஊரில் ஓட்டல் அறைகளைக் கூட்டிப் பெருக்கும் வேலை. அக்காள் பெற்ற குழந்தையைத் தன் அம்மாவோடு சேர்ந்து வளர்த்தாள். அம்மா இறந்ததும் காசு கொடுத்து ஒரு செவிட்டுக் கிழவியிடம் விட்டாள். ஓட்டலுக்கு வந்த ஃபிராங்ஃபர்ட் குடும்பம் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. அவள் என்ன செய்திருக்க வேண்டும்? நம் ஊரில் தங்கை பிள்ளையை, அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கும் போய், கடைசியில் ஒருநாள் தாத்தா வீட்டில் கொண்டுவிட்டு வந்த சித்திகளை நாம் பார்த்ததில்லையா? அவர்களை யாரும் கதாநாயகி ஆக்கியதில்லை. வில்லி ஆக்காமலாவது இருக்கலாம்.

இந்த இடத்தில் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஸ்பைரி எழுதிய காலத்தில் கிராவ்புண்டன், டிரோல், ஃபோரார்ல்பெர்க் மலைக்கிராமங்களிலிருந்து ஏழைக் குழந்தைகள் வசந்த காலத்தில் கூட்டம் கூட்டமாக மலைகளைக் கடந்து, தென்ஜெர்மனியின் ஸ்வாபிய பண்ணைகளுக்கு மாடு மேய்க்கப் போனார்கள். ராவென்ஸ்பர்க் போன்ற ஊர்களில் அவர்களைப் பொறுக்கியெடுக்கச் சந்தையே கூடியது. இலையுதிர் காலத்தில் கூலியாகக் கொஞ்சம் காசும் புதுத்துணியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். ஸ்விட்சர்லாந்துக்குள்ளேயே, அநாதைகளையும் ஏழைவீட்டுப் பிள்ளைகளையும் ஊராட்சிகள் பண்ணைகளில் வேலைக்கு ஒப்படைக்கும் 'ஃபெர்டிங்கிண்டர்' முறை இருந்தது. இத்தகைய கட்டாய ஏற்பாடுகள் இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம் தொடர்ந்தன. 2013இல்தான் ஸ்விஸ் அரசு பாதிக்கப்பட்டவர்களிடம் முறையாக மன்னிப்புக் கேட்டது. பிறகு ஆளுக்கு 25 ஆயிரம் ஃபிராங்க் கொடுக்கச் சட்டம் வந்தது.

ஆக, அநாதைக் குழந்தை ஒன்று மலையில் யார் வீட்டிலோ கொண்டுவிடப்படுவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. ஸ்பைரி அந்த நிகழ்ச்சியை எடுத்து, 'ஒருவேளை அந்தக் கிழவர் நல்லவராக இருந்துவிட்டால்?' என்று கேட்கிறார். ஹைடியின் மொத்த இனிமையும் அந்த 'ஒருவேளை'யில்தான் நிற்கிறது. அந்த ஆபத்து தெரியாமல் படித்தால் வைக்கோல் படுக்கை வெறும் அழகு. தெரிந்து படித்தால், ஒரு முரட்டுக் கிழவர் படுக்கையின் வைக்கோலை இரட்டிப்பாக்கி அதன்மேல் துணியை விரிக்கும்போது நமக்கு மூச்சு திரும்பி வருகிறது.

*

முதல் பாகத்தின் உச்சம் மலையில் இல்லை, ஃபிராங்ஃபர்ட்டில் இருக்கிறது. மூன்று வருஷம் கழித்துத் தேட்டே மறுபடி வருகிறாள். பணக்கார வீட்டில் நடக்க முடியாத கிளாராவுக்குத் துணையாக ஒரு பெண் வேண்டுமாம். எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம் என்று பொய் சொல்லிக் குழந்தையை இறக்குகிறாள். பெரிய வீடு, நல்ல சாப்பாடு, அன்பான கிளாரா. ஹைடி இளைத்துப்போகிறாள். பீட்டரின் பார்வையற்ற பாட்டிக்கென்று வெள்ளை ரொட்டிகளை அலமாரிக்குள் சேர்த்துவைக்கிறாள். அவை காய்ந்து கல்லாகிக் கண்டுபிடிக்கப்படுகின்றன. ராத்திரியில் யாரோ வாசல் கதவைத் திறந்துபோடுகிறார்கள், பேய் என்று வேலைக்காரர்கள் நடுங்குகிறார்கள். வீட்டுக்காரரும் டாக்டரும் காவல் இருந்து பார்த்தால், வெள்ளை இரவுடையில் தூக்கத்தில் நடந்துவந்து நிற்பது ஹைடி. டாக்டர் எழுதும் மருந்து ஒன்றே ஒன்று: நாளைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள்.

வீட்டு ஏக்கத்தை நோயாகப் பார்ப்பது ஸ்பைரியின் கற்பனை இல்லை. 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லையே 1688இல் பாஸல் நகரத்தில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் உருவாக்கினார். கிரேக்கத்தில் திரும்புதல், வலி என்ற இரண்டு சொற்களின் ஒட்டு அது. அந்நிய நாட்டுப் படைகளில் கூலிக்குச் சண்டைபோட்ட ஸ்விஸ் வீரர்களின் நோய் என்று அது பிறகு பெயர் வாங்கியது. மாடுகளை அழைக்கும் மலைப்பாட்டைக் கேட்டால் வீரர்கள் அழுது ஓடிவிடுவார்கள், அதனால் படையில் அந்தப் பாட்டுக்குத் தடை இருந்தது என்று ரூஸோ தன் இசை அகராதியில் எழுதியிருக்கிறார். ஹைடியின் தாத்தாவும் நேப்பிள்ஸில் அப்படிக் கூலிக்குப் போனவர்தான். பேத்திக்கு வந்த நோய் தாத்தா தலைமுறையின் நோய். ஸ்பைரி இதை எங்கேயும் விளக்கவில்லை. வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ஆனால் ஸ்பைரி கண்டுபிடித்த, மருத்துவர்கள் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஹைடிக்கு நோய் வருவது ஏக்கத்தால் அல்ல, ஏக்கத்தை வெளியே சொல்ல முடியாததால். ஒருமுறை ஓடிப்போகப் பார்க்கிறாள். வீட்டை நிர்வகிக்கும் ரொட்டென்மையர் அம்மாள் பிடித்துத் திட்டும்போது சொல்வது நன்றிகெட்டதனம் என்கிற குற்றச்சாட்டு. இங்கே உனக்கு என்ன குறை? அந்தக் கேள்வியோடு குழந்தை வாயை மூடுகிறது. கிளாரா வருத்தப்படுவாள், பாட்டியம்மா தவறாக நினைப்பாள் என்று அழுகையைத் தலையணைக்குள் விழுங்கப் பழகிக்கொள்கிறது.

இந்தப் பக்கத்தைப் படித்த அன்று மாலை அக்காவுடன் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். அவள் பாத்திரம் கழுவ, நான் துடைத்து வைத்தேன். பேச்சுவாக்கில், "இங்க உனக்குப் பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டேன்.

"அம்மா கேக்கச் சொன்னாளா?"

"இல்ல, நான்தான் கேக்கறேன்."

"பிடிக்கலன்னு சொன்னா யாராவது ஒத்துக்குவாங்களாடா? ஜன்னலைத் தொறந்தா இதைத்தான் ஊர்ல எல்லாரும் வால்பேப்பரா வெச்சிருக்காங்க."

சிரித்துவிட்டு அடுத்த தட்டை நீட்டினாள். பதில் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். மறுபடி கேட்கவும் இல்லை. அழகான இடத்துக்குப் போனவர்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதல். பாலைவனத்தில் வேலைபார்க்கும் ஒருவர் ஊர்நினைவு வருகிறது என்றால் உலகம் 'ஆமாம் பாவம்' என்கிறது. ஆல்ப்ஸில் இருப்பவர் சொன்னால் 'கொழுப்பு' என்கிறது. ஹைடியின் கதையில் இது தலைகீழாக இருக்கிறது, மலைதான் அங்கே வீடு. ஆனால் வாயடைக்கும் முறை ஒன்றுதான்.

*

இப்போது அடுத்த நிலையம். லாண்ட்குவார்ட்டில் காற்றடிக்கும் மேடையில் காத்திருந்து குட்டி ரயிலேறும் காஸ்டார்ப்புக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது. அப்போதுதான் படிப்பு முடித்த இன்ஜினியர். கையில் கப்பல்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம். அவனும் அநாதைதான். அவனும் சிறுவயதில் தாத்தாவிடம் வளர்ந்தவன்தான். ஹைடியின் தாத்தா ஊரோடு ஒட்டாத பாவி. காஸ்டார்ப்பின் தாத்தா ஹாம்பர்க்கின் கனவான், பேரனுக்குக் காட்டுவது ஞானஸ்நானக் கிண்ணமும் அதன் தட்டில் பொறித்த மூதாதைகள் பெயர்வரிசையும். ஒருத்திக்குத் தாத்தா கொடுப்பது பால். இன்னொருவனுக்குப் பரம்பரை. யார் பின்னால் நோயாளி ஆவார் என்று இங்கேயே தெரிந்துவிடுகிறது.

மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. ஏழு வருஷம் ஆகிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிடுவோம். மூன்று வாரத்தில் முடியும் என்று எஸ்டிமேட் கொடுத்த எத்தனை வேலைகள் இப்படி! மன் இதை எழுதியதும் அதே கதைதான். 'வெனிஸில் மரணம்' குறுநாவலுக்கு வேடிக்கையான ஒரு துணைக்கதை என்று 1913இல் தொடங்கினார். உலகப்போர் குறுக்கிட்டு, பதினொரு வருஷம் கழித்து இரண்டு பாகங்களாக முடிந்தது. தொடக்கமும் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப்போன பயணம்தான். 1912இல் டாவோஸ் சானடோரியத்தில் இருந்த மனைவி காட்யாவைப் பார்க்க மூன்று வாரம் போனார். அவருக்குச் சளி பிடித்தது. டாக்டர் தட்டிப்பார்த்துவிட்டு ஆறுமாதம் தங்குங்கள் என்றார். மன் மலையிறங்கி வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். ஓடிவராத ஒருவனை நாவலாக எழுதினார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. விருந்தாளி அதற்குமேல் தங்கக்கூடாது, மருந்தை அதற்குமேல் தின்னக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னவர் யாரோ, 'மாயமலை'யின் கதைச்சுருக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டார். விருந்தாளியாக வந்தவன் எப்படி மருந்துக்காரன் ஆகிறான் என்பதுதான் நாவலின் முதல் பாதி. மன் இதை ஒரே அடியாகச் செய்வதில்லை. முதல்நாள் தலைமை மருத்துவர் பேரென்ஸ், உனக்கு ரத்தசோகை மாதிரி இருக்கிறது, இருக்கும்வரை நீயும் இவர்களைப் போலவே இரு என்று போகிறபோக்கில் சொல்கிறார். சரி, அண்ணன் தம்பி ஒன்றாக உட்காரலாமே என்று இவன் பால்கனியில் சாய்வு நாற்காலியில் படுக்கிறான். இரண்டு ஒட்டகமயிர்ப் போர்வைகளைச் சுற்றிக்கொள்ளும் கலையைக் கற்கிறான். அப்புறம் சளி. அப்புறம் ஒரு தெர்மாமீட்டர் வாங்குகிறான். தெர்மாமீட்டர் கையில் இருந்தால் அளக்காமல் இருக்க முடியுமா? அளந்தால் கொஞ்சம் கூட இருக்கிறது. அப்புறம் நெஞ்சில் ஒரு ஈரப்புள்ளி. சின்னச் சின்னச் சம்மதங்கள்தான், ஒன்றுகூட முட்டாள்தனம் இல்லை. கூட்டிப் பார்த்தால் ஏழு வருஷம்.

இந்த இடத்தில் நாவலின் வடிவமே வேலை செய்கிறது. முதல்நாள், முதல் மூன்று வாரம் எல்லாம் நூற்றுக்கணக்கான பக்கங்கள். பின்னால் வருஷங்கள் வரிக்கணக்கில் ஓடுகின்றன. அங்கே காலத்தின் மிகச்சிறிய அலகு மாதம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். விருந்தாளியாக ஒரு வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். முதல்நாள் நீளமாக இருக்கும், ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் தனியாக நினைவிருக்கும். இரண்டாவது வாரத்தில் நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மன்னின் நுட்பம் உச்சத்தில் இருப்பது பலரும் தாண்டிப்போகும் ஓர் அத்தியாயத்தில் என்று நினைக்கிறேன். குடும்பத்தார் பொறுமையிழந்து, காஸ்டார்ப்பைக் கூட்டிவர மாமா முறையான ஜேம்ஸ் டீனப்பெலை அனுப்புகிறார்கள். மிடுக்கான வியாபாரி. சில நாட்களில் அவர் நடையும் பேச்சும் மாறுகின்றன. சாப்பாட்டு மேசையில் கிறங்குகிறார், டாக்டரிடம் அழுகலைப் பற்றி விவரம் கேட்கிறார். ஒருநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் முதல் ரயிலில் ஓடிவிடுகிறார். இதைப் படிக்கும்போது முதலில் சிரிப்பு, பிறகு ஒரு குளிர். காரணம், காஸ்டார்ப்பும் இப்படி ஓடியிருக்க முடியும். அவனைக் கட்டிப்போட்டது நோய் இல்லை என்று அந்த மாமாவின் ஓட்டம் நிரூபித்துவிடுகிறது.

*

இரண்டு புத்தகங்களின் உண்மையான வேறுபாடு, ஒன்று எளிமை, மற்றது ஆழம் என்பதல்ல. ஆல்ப்ஸ் ஊர்களை யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான். டாவோஸ் 1850கள்வரை ஏழை மலைக்கிராமம். அரசியல் அகதியாக ஜெர்மனியிலிருந்து வந்த டாக்டர் அலெக்ஸாண்டர் ஸ்பெங்லர் அங்கே காசநோய் குறைவு என்று கவனித்தார். 1865இல் முதல் குளிர்கால நோயாளிகள் வந்தார்கள். ஹோல்ஸ்போயர் என்ற டச்சுக்காரர் முதல் போட்டார். 1890இல் லாண்ட்குவார்ட்டிலிருந்து டாவோஸ்வரை ரயில் வந்தது. காற்றை விற்கும் தொழில் என்று சொல்லலாம். ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகு சானடோரியங்கள் ஓட்டல்களாயின. ஷாட்ஸால்ப் இன்று ஓட்டல். மன் வந்து பார்த்த வால்ட்சானடோரியமும் ஓட்டல். இரண்டுக்கும் நடுவே காட்டுப்பாதைக்கு மன்னின் பெயர். கீழே ஆண்டுதோறும் உலகப் பொருளாதார மன்றக் கூட்டம்.

இந்தத் தொழிலை ஸ்பைரி வேலைக்காரியின் பக்கத்திலிருந்து பார்த்தார். மன் விருந்தினரின் பக்கத்திலிருந்து. 'மாயமலை'யின் ஏழு சாப்பாட்டு மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவரையும் நமக்குத் தெரியும். அந்த ஐந்து வேளைச் சாப்பாட்டைச் சமைத்தது யார், போர்வைகளைத் துவைத்தது யார் என்று தெரியாது. குள்ளமான பரிசாரகியும் நொண்டும் வாயிற்காவலரும் விநோத உருவங்களாக வந்துபோகிறார்கள். பிராட்டிகாவ் பள்ளத்தாக்கின் விவசாயி ஒருவர்கூட வாய்திறந்து பேசியதாக என் நினைவில் இல்லை. ஆயிரம் பக்க நாவலில் இது ஒரு குறைதான். ஐரோப்பா முழுவதையும் ஒரு மேசையில் உட்காரவைத்தவர், பரிமாறியவர்களின் ஐரோப்பாவை விட்டுவிட்டார். செட்டெம்ப்ரினி மனிதகுலத்தின் உழைப்பைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசுகிறார்! பேசி முடித்ததும் யாரோ வந்து கோப்பையை எடுத்துப்போகிறார்கள்.

காஸ்டார்ப்பால் தங்க முடிந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, வட்டி. செலவைக் கணக்குப்போட்டுப் பார்த்து, பரம்பரைச் சொத்தின் வருமானத்தில் கட்டுபடியாகும் என்று அவனே தெரிந்துகொள்கிறான். இரண்டாவது, 1914க்கு முன்னால் மேற்கு ஐரோப்பாவில் எல்லை தாண்ட யாரும் பெரும்பாலும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. மூன்று வாரம் ஏழு வருஷமானதை எந்த அதிகாரியும் விசாரிக்கவில்லை. இன்று ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான். அம்மா முந்தின வருஷம் அக்காவிடம் வந்திருந்தபோது ஃப்ரிட்ஜில் காந்தத்தால் ஒட்டிய காலண்டரில் தினம் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டே வந்தாளாம். "ஜெயில்ல இருக்கறவங்க மாதிரி அடிக்காதம்மா"ன்னு அக்கா சொன்னதுக்கு, "ஜெயில்ல இருக்கறவன் எப்ப வெளிய போவோம்னு அடிப்பான்டி, நான் எப்ப போகணுமோன்னு அடிக்கிறேன்" என்றாளாம். நம் வீடுகளில் விருந்துக்கு எல்லை வைப்பது பழமொழி. இப்போது அது தூதரகத்தின் வேலை.

ஸ்விட்சர்லாந்தில் இன்று சுமார் ஐம்பதாயிரம் தமிழர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் 1980களிலிருந்து அகதிகளாக வந்த ஈழத்தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளும். முதல் தலைமுறையில் மிகப்பலருக்குக் கிடைத்தது ஓட்டல் அடுக்களையும் துப்புரவும் முதியோர் பராமரிப்பும். அதாவது தேட்டேயின் வேலை. நம் சினிமா இதே மலைகளைப் பாட்டுக்குப் பின்னணியாக வருஷக்கணக்கில் காட்டியது. யஷ் சோப்ராவுக்கு இன்டர்லாகனில் சிலையே உண்டு. கேமராவுக்குப் பின்னால், மலைக்குக் கீழே, அதே மொழி பேசுகிற ஒருவர் தட்டு கழுவிக்கொண்டிருந்தார் என்பது எந்தப் பாட்டிலும் வரவில்லை. ஆல்ப்ஸைப் பற்றித் தமிழில் ஒரு பெரிய நாவல் வருமானால், அது மன்னைப் போல மேசையிலிருந்து அல்ல, தேட்டே நின்ற இடத்திலிருந்து எழுதப்பட்டால்தான் புதிதாக எதையாவது சொல்லும்.

*

ஸ்பைரியிடமும் குறை உண்டு. இரண்டாம் பாகம் முதல் பாகத்தைக் கிட்டத்தட்டக் கெடுத்துவிடுகிறது. கிளாரா மலைக்கு வருகிறாள். பொறாமையில் பீட்டர் அவள் சக்கர நாற்காலியைச் சரிவில் உருட்டிவிடுகிறான். நாற்காலி நொறுங்க, அவள் நடக்கிறாள். முதல் பாகத்தில் மலை மருந்தானதற்கு ஒரு தர்க்கம் இருந்தது: ஹைடிக்கு அது வீடு. கிளாராவுக்கு அது வீடு இல்லை. அங்கே மலை வெறும் சிகிச்சைச் சரக்காகிவிடுகிறது, ஆட்டுப்பாலும் நல்ல காற்றும். அடுத்த பள்ளத்தாக்கின் டாக்டர்கள் விற்றது இதைத்தான். முதல் பாகம் டாவோஸுக்கு எதிரான புத்தகம் என்றால், இரண்டாம் பாகம் டாவோஸின் விளம்பரம். மாயென்ஃபெல்டுக்கு மேலே இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கும் 'ஹைடி கிராமம்' இரண்டாம் பாகத்தின் வாரிசு. தாத்தாவின் இருண்ட கடந்தகாலமும் ஊதாரி மைந்தன் கதையைப் பேத்தி படித்துக்காட்டியதும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கரைந்துவிடுகிறது. அவ்வளவு வம்பு பேசிய ஊர், அவ்வளவு சுலபமாகவா கைகொடுக்கும்?

மன் இந்த மருந்தை நம்பவில்லை. பனிப்புயலில் சிக்கிச் சாவின் விளிம்பில் காஸ்டார்ப் மனித வாழ்வைப் பற்றி ஒரு பெரிய தரிசனம் அடைகிறான். அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் அது மங்கிவிடுகிறது. மலை ஞானம் கொடுக்கும், சாப்பாட்டு மணி அதை எடுத்துக்கொள்ளும். இந்த நேர்மைக்காகவே அவரது நீண்ட தர்க்கப் பக்கங்களைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அவரும் ஒரு விஷயத்தை நம்பினார். அந்த இரண்டு சகோதரர்களும் கூச்சத்தால் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதே இல்லை. யோவாகிம் சிப்பாயாக வேண்டியவன். சிகிச்சை முடியாமலேயே படையில் சேர மலையிறங்குகிறான். ரயில் நகரும்போது முதல்முறையாக அவன் 'ஹான்ஸ்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சீக்கிரம் பின்னாலேயே வா என்கிறான். காஸ்டார்ப் போகவில்லை. யோவாகிம்தான் திரும்பி வருகிறான், சாவதற்கு. ஆயிரம் பக்கத் தத்துவ விவாதத்தில் என்னை அசைத்த சொல் அந்த ஒரு பெயர்தான். பார்க்க வந்தவன் தங்கிவிட்டான், தங்கியிருந்தவன் போய்விட்டான், இடையில் இருவரும் சொல்லவேண்டியதைச் சொன்னது ரயில் கிளம்பும் அரை நிமிஷத்தில்.

ஹைடியில் அந்த அரை நிமிஷம்கூட ஒருவருக்குக் கிடைக்கவில்லை. ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றதும் வீட்டுக்காரர் தேட்டேயைக் கூப்பிட்டுக் கூட்டிப்போகச் சொல்கிறார். அவள் வேலை இருக்கிறது, முடியாது என்கிறாள். கிழவரின் முகத்தில் விழிக்கப் பயம். அத்தோடு கதையிலிருந்து மறைந்துவிடுகிறாள். எல்லோருக்கும் மன்னிப்பும் வீடும் பங்கிட்டுக் கொடுத்த ஸ்பைரி, ஐந்து வயதுவரை அந்தக் குழந்தைக்குச் சோறு போட்டவளுக்கு மட்டும் எதையும் எடுத்து வைக்கவில்லை. மலைமேல் எல்லோரும் குணமான பிறகும், கீழே ஏதோ ஒரு பணக்கார வீட்டில் தேட்டே படுக்கை விரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.